சம்பந்தியோடு ஆப்பிள் மது குடிக்கப் போனது

ஓம், குடிக்கத்தான் போனோம். இரண்டு கிழவிகளும் மலைநாட்டுக்கு மது குடிக்கப் போனார்களாம் என்று ஒஸ்லோ முழுக்கக் கதை திரிகிறது. கதைத்தவர்களுக்கு மிச்சக் கதையும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

கூட வந்தது புஷ்பா அக்கா. ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபது வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். அவர் மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிறார். நான் குரோருட்டில். நகரத்தின் இரண்டு மூலைகள். அவருடைய மகன் ரொஷானும் என் மகள் அனித்தாவும் விரும்பிவிட்டார்கள். எனக்குக் கணவர் இல்லை, செத்துப் போனார். ஆகவே பேச வேண்டியதை நான்தான் பேசினேன். எல்லாம் பேசி முடிந்த மாதிரித்தான் இருந்தது.

பிள்ளைகள் இருவரும் சேர்ந்து இந்தப் பயணத்தை எங்களுக்குப் பரிசாகத் தந்தார்கள்.

"நீங்கள் ரெண்டு பேரும் சட்டி பானையைத் தவிர வேறை ஒண்டும் கண்டதில்லை. போய்ச் சிரிச்சுக் கதைச்சுப்போட்டு வாங்கோ" என்றாள் அனித்தா.

இடத்தின் பெயர் உல்விக். கடல் மலைகளுக்குள் நெடுந்தூரம் புகுந்து, இனிப் போக வழியில்லை என்று நிற்கிற இடம். நோர்வே வெயில் திராட்சைக்குக் காணாது. அங்கே ஆப்பிளைப் பிழிந்து மது செய்கிறார்கள். சீடர் என்பார்கள். "பன்னிரண்டு பேரும் அங்கையோ இருக்கினம்?" என்று புஷ்பா அக்கா கேட்டார். அவர் அப்படித்தான். பூசையிலும் பகிடி விடுவார்.

வெள்ளிக்கிழமை காலை ரயில் ஏறினோம். புரட்டாதி மாதம். ஒஸ்லோவில் மழை.

புட்டும் கணவாய்ப் பிரட்டலும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பெட்டியைத் திறந்ததும் அந்த ரயில் பெட்டி முழுவதும் மணந்தது. எதிரே ஒரு வயதான நோர்வேச் சோடி. பாண் துண்டில் பழுப்புச் சீஸ் வைத்துக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தார்கள். கிழவர் எங்கள் சாப்பாட்டையே பார்த்தார். "பார்க்காதே, அது அவர்களுடையது" என்று மனைவி மெதுவாகச் சொன்னாள். எங்களுக்கு விளங்காது என்று நினைத்துவிட்டாள். நான் ஒரு கரண்டி அள்ளி மூடியில் வைத்து நீட்டினேன். கிழவர் சாப்பிட்டார். மூடியைத் திரும்ப நீட்டினார். இன்னொரு கரண்டி வைத்தேன்.

பதிலுக்கு அவள் பழுப்புச் சீஸ் தந்தாள். புஷ்பா அக்கா மென்றுவிட்டுத் தமிழில் சொன்னார்: "சவர்க்காரத்துக்குச் சீனி போட்டு வைச்சிருக்கினம்." முகம் மட்டும் சிரித்தது.

கெய்லோ நிலையத்தில் ரயில் நின்றது. நின்றது நின்றதுதான். முன்னால் தண்டவாளத்தில் வேலையாம். எல்லோரும் இறங்கி பஸ்ஸில் போகவேண்டுமாம். நோர்வேயில் இது புதிதல்ல. ரயிலுக்குப் பதில் பஸ் என்று அதற்கொரு பெயரே வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரென்றால் இதற்குள் ஒருவர் ஸ்டேசன் மாஸ்டரின் சட்டையைப் பிடித்திருப்பார். இன்னொருவர் விலக்குப் பிடிக்கப் போய் அடி வாங்கியிருப்பார். இங்கே பூசையில் நன்மை வாங்கப் போகிறவர்கள் மாதிரி வரிசையில் நின்றார்கள். ஒரு சத்தமில்லை. எனக்கு அது பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை. குளிர் எலும்புக்குள் போனது.

பஸ் மலைப் பாதையில் போய்க் கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. ரோடு முழுவதும் செம்மறி ஆடுகள். கோடையில் மலையில் மேயவிட்டதைக் கீழே இறக்கும் காலம். கழுத்து மணிகள் கலகலவென்றன. சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றினார்.

அப்போதுதான் புஷ்பா அக்கா தொடங்கினார்.

"திரேசா, உம்மோட ஒரு விசயம் கதைக்க வேணும்."

"கதையுங்கோ."

"கனடாவில இருந்து அத்தான் விசாரிக்கிறார்."

அத்தான் என்றது அவருடைய கணவரின் தமையனை.

"என்ன விசாரிக்கிறார்?"

"ஊர்தான். எந்தப் பக்கம், ஆரின்ர பிள்ளை எண்டு."

எங்கள் ஆட்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தவர் ஒரு சம்பந்தம் பேசினால் ஊருக்குத் தொலைபேசி போகும். நீங்கள் என்ன சாதி என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அது மரியாதையில்லை. எந்த ஊர், அதில் எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலில் ஞானஸ்நானம், அப்பா என்ன செய்தவர் என்று கேட்பார்கள். அது மரியாதை. நாலு பதிலில் ஆளை எடை போட்டுவிடுவார்கள்.

என் அப்பா பனை ஏறிக் கள்ளுச் சீவினவர். இதுதான் விசயம். வேறு விசயம் இல்லை.

"நான் உதெல்லாம் பாக்கிறேல்லை, உமக்குத் தெரியும்தானே" என்றார் புஷ்பா அக்கா.

"தெரியும்."

"ஞாயிற்றுக்கிழமை அத்தான் உமக்கு ரெலிபோன் எடுப்பார். அப்பா தோட்டம் செய்தவர் எண்டு சொல்லும். ஊரையும் பக்கத்து ஊரெண்டு சொல்லலாம். அங்கை இப்ப ஆர் இருக்கினம், ஆர் போய்ப் பாக்கப் போயினம்?"

"சொல்லாட்டில்?"

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். "இவர் தமையன்ர சொல்லைத் தட்டமாட்டார். எங்களையெல்லாம் வெளியில எடுத்துவிட்டது அவர்தான். அவர் வேண்டாம் எண்டால் இவர் கலியாணத்துக்கு வரமாட்டார். தேப்பன் வராமல் தாலி கட்டமாட்டன் எண்டு ரொஷான் சொல்லிப்போட்டான். ஒரு சொல்லில எல்லாம் நிக்குது, திரேசா."

அந்தச் சொல்லைச் சொன்னால் என் மகளுக்குக் கலியாணம். சொல்லாவிட்டால் தெரியாது.

"ஆடு போயிட்டுது அக்கா" என்றேன். பஸ் கிளம்பியது.

உல்விக்கில் இறங்கியபோது பின்னேரம். தண்ணீர் ஆடாமல் கிடந்தது. மலை தலைகீழாக அதற்குள் நின்றது. தங்கின இடத்தில் இரவுச் சாப்பாடு ஆட்டிறைச்சியும் முட்டைக்கோவாவும். முழு மிளகு போட்டு அவித்து வைத்திருந்தார்கள். வேறு ஒன்றும் இல்லை. "ரோட்டை மறிச்சவையை அவிச்சுப்போட்டினம்" என்றார் புஷ்பா அக்கா. பகிடி விட்டாரே தவிரச் சாப்பிடவில்லை. கைப்பையிலிருந்து ஊறுகாய்ப் போத்தலை எடுத்தார், திறக்காமல் திரும்ப வைத்தார். நான் இரண்டு கோப்பை சாப்பிட்டேன். உப்பும் இறைச்சியும் சரியாக இருந்தால் எனக்குப் போதும்.

சனிக்கிழமை வெயில் எறித்தது. மது செய்கிற தோட்டம் மலைச் சரிவில் மேலே இருந்தது. நடந்து போனோம். வழி நெடுக ஆப்பிள் மரங்கள். ஆள் உயரம்தான். வரிசையாகக் கம்பி கட்டி வளர்த்திருக்கிறார்கள். நிலத்தில் நின்று கையால் பறிக்கலாம். ரோட்டோரத்தில் ஆப்பிள் பெட்டிகள் விற்பனைக்கு இருந்தன. விற்க ஆள் இல்லை. எடுத்துக்கொண்டு தொலைபேசியில் காசு அனுப்பவேண்டும். "எங்கடை சனத்துக்கு இது சரிவராது. பெட்டியும் போகும், மரமும் போகும்" என்றார் புஷ்பா அக்கா. நான் சிரித்தேன். சிரித்ததைக் கண்டு அவர் பழைய கதைக்கு வந்தார்.

"நான் சொன்னதை யோசிச்சனீரோ?"

"மேட்டில ஏறேக்க யோசிக்க ஏலாது அக்கா."

தோட்டக்காரன் பெயர் ஓலாவ். உயரமான ஆள், றப்பர்ச் சப்பாத்து. அவன் பேசிய நொர்ஸ்க் மொழி எங்களுக்குப் பாதிதான் விளங்கியது. ஒஸ்லோப் பேச்சு அல்ல. மட்டக்களப்பார் கதைத்தால் எங்களுக்கு எப்படியோ அப்படி. ஒரு பழைய மாட்டுக் கொட்டிலைக் கழுவித் துடைத்து நீட்டு மேசை போட்டிருந்தான். பேர்கனிலிருந்து வந்த ஒரு சோடியும் நாலைந்து இளம் பெண்களும் இருந்தார்கள். ஆளுக்கு ஐந்து கிளாஸ்.

குடிக்கமுன் மணக்க வேண்டுமாம். என்ன மணக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டுமாம். ஒரு பெண் ஈரப் புல் என்றாள். பேர்கன்காரன் தோல் சப்பாத்து என்றான். புஷ்பா அக்காவின் முறை வந்தது. "ஆப்பிள்" என்றார். ஓலாவ் மேசையில் தட்டிச் சிரித்தான். "இத்தனை பேரில் நீங்கள் ஒருவர்தான் உண்மையைச் சொன்னீர்கள்" என்றான்.

அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குடித்தது அன்றைக்குத்தான். முதல் கிளாசுக்கு வேப்பெண்ணெய் குடித்த முகம். மூன்றாவதில் கன்னம் சிவந்தது. எனக்குப் புதிதல்ல. சின்ன வயதில் காலமையில் அப்பா கொஞ்சம் ஊற்றித் தருவார். இது கள்ளைவிடக் குளிர், புளிப்பு மெல்லிசு. நன்றாக இருந்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது.

ஓலாவ் ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டினான். ஒட்டியிருந்த தாளில் ஒரு பெயர். அவனுடைய அப்பாவின் பெயராம். அப்பா நிலவறையில் ஒளித்து ஊற வைத்தவராம். சில வருடங்களுக்கு முன்வரை தோட்டத்தில் வைத்து விற்கச் சட்டம் விடவில்லை. பொலிஸ் வந்தால் பீப்பாவுக்கு மேல் உருளைக்கிழங்கைக் கொட்டிவிடுவாராம். சொல்லும்போது அவனுக்கு ஒரே பெருமை. சுவரில் அப்பாவின் படமும் இருந்தது. வேலை உடுப்போடு.

நான் அந்தப் போத்தலை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பன் பெயரைப் போத்தலில் ஒட்டி விற்கிறான்.

எங்கள் ஊரில் அப்பாவின் கள்ளைக் குடிக்காத ஆள் இல்லை. ஆசிரியர் குடித்தார், ஊர் அதிகாரி விதானையார் குடித்தார். குடித்துவிட்டு அப்பா தண்ணீர் கேட்டால் சிரட்டையில் ஊற்றினார்கள். கள்ளுக்குத் தீட்டில்லை. ஏறினவனுக்கு இருந்தது.

ஓலாவ் எங்கள் பக்கம் வந்தான். "உங்கள் நாட்டில் என்ன குடிப்பார்கள்? நீங்களும் செய்வீர்களா?" என்று என்னைக் கேட்டான்.

நான் வாயைத் திறக்கமுன் புஷ்பா அக்கா முந்திக்கொண்டார். "இவருடைய அப்பா விவசாயி" என்றார் நொர்ஸ்க்கில். "மரக்கறி. கத்தரிக்காய், வெங்காயம்."

"ஓ, மரக்கறியா" என்றான் ஓலாவ். தலையை ஆட்டிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பினான்.

உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் இந்தப் பொய்யைச் சொல்ல. கனடாவில் இருக்கிறார்கள், லண்டனில் இருக்கிறார்கள். இவர் போயும் போயும் சாராயக்காரனிடம் சொன்னார். அதுவும் அப்பனின் பெயரைப் போத்தலில் ஒட்டினவனிடம். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கிளாசை வைத்தேன்.

"இல்லை" என்றேன். என் நொர்ஸ்க் சமையலறை நொர்ஸ்க். ஆனால் இதற்குப் போதும். "என் அப்பா மரம் ஏறினவர். பனை மரம். உச்சியில் பாளையைச் சீவி மண் முட்டி கட்டுவார். அதில் ஊறுவதுதான் எங்கள் மது."

மேசை முழுவதும் திரும்பியது.

"ஏணி வைத்தா?" என்றான் ஓலாவ்.

"ஏணி இல்லை. காலுக்கு ஒரு நார். நெஞ்சால் மரத்தைப் பிடித்து ஏறவேண்டும்."

"எவ்வளவு உயரம்?"

வாசலுக்கு வெளியே கொடிக்கம்பம் ஒன்று நின்றது. "அதைப்போல இரண்டு" என்றேன். "காலமையும் பின்னேரமும். ஒரு மரமில்லை, பல மரம்."

"மரமே மதுவைத் தருகிறதா? பிழியத் தேவையில்லையா?"

"இல்லை. காலமை இறக்கினால் பின்னேரத்துக்குள் குடித்துவிட வேண்டும்."

"எனக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்" என்று சொல்லி இன்னொரு போத்தலைத் திறந்தான். அது ஐந்து கிளாஸ் கணக்கில் இல்லை.

இதை வைத்து நோர்வேக்காரன் எல்லோரும் நல்லவன் என்று நான் எழுதவில்லை. என் பெயரைப் பார்த்ததும் வேலையில்லை என்று சொன்னவர்களையும் இந்த நாட்டில்தான் கண்டேன். ஓலாவுக்கு என் அப்பா ஒரு புதினம், அவ்வளவுதான். அப்பாவுக்கு அந்தத் தொழில் இனிக்கவும் இல்லை. நெஞ்சுத் தோல் காய்த்துக் கறுத்துப் போயிருந்தது. மழை நாளில் ஏறமாட்டேன் என்று சத்தம் போட்டுவிட்டு ஏறுவார். ஏழு வயிறு அதில் நிறைந்தது. அதை வெங்காயம் என்று சொல்ல என்னால் முடியாது.

இறங்கி வரும்போது புஷ்பா அக்காவுக்குக் கால் நேராக விழவில்லை. கோபமும் குடிவெறியுமாக வந்தார்.

"என்ர மானத்தை வாங்கிப்போட்டீர்!"

"ஆருக்கு முன்னால? ஓலாவுக்கு முன்னாலையோ?"

"பகிடி விடாதையும். பழகத்தான் சொன்னனான். இஞ்சையே சொல்ல மாட்டீர், நாளைக்கு அத்தானுக்கு எப்பிடிச் சொல்லப் போறீர்?"

"சொல்லமாட்டன்."

அவர் ரோட்டோரத்து ஆப்பிள் பெட்டியில் தொப்பென்று இருந்தார். "நான் அப்பிடிப் பாக்கிற ஆளோ, சொல்லும். உம்மட வீட்டில எத்தினை தரம் சாப்பிட்டிருப்பன்?"

"சாப்பிட்டீங்கள். ஆரிட்டையாவது சொன்னீங்களோ?"

நான் கையைக் கொடுத்து எழுப்பினேன். நசிந்த ஆப்பிளுக்குக் காசு அனுப்பினேன்.

சாப்பாட்டுக்கு முன் அனித்தா தொலைபேசி எடுத்தாள். புஷ்பா அக்கா அவளுக்குச் சொல்லிவிட்டார் என்று குரலிலேயே தெரிந்தது.

"அம்மா, ஒரு சொல்லுத்தானே. சொல்லிவிடுங்கோவன். அவர் கனடாவில இருக்கிறார். வருசத்தில ஒருக்கா பாப்பமோ தெரியாது."

"உனக்கு அம்மப்பாவைப் பற்றி என்ன தெரியும்?"

"நீங்கள் சொன்னதெல்லாம் தெரியும். எனக்கு அதில ஒரு வெக்கமும் இல்லை. ஆனால் ரொஷான்ர அப்பா வராட்டில்..." அழுதாள். அவள் தாதியாக வேலை செய்கிறாள், லேசில் அழமாட்டாள்.

"நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"உண்மையைத்தான் சொல்லுவன்."

"அப்ப எனக்கு மட்டும் என்ன?"

"நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்" என்று வைத்துவிட்டாள். அது எனக்கு உறைத்தது. எழுதாமல் விடக்கூடாது என்று எழுதுகிறேன். மகள் அழ, நான் பிடிவாதமாக நின்றேன். பிழையென்றால் பிழை. அதற்காகச் செத்த மனிதனின் கையில் மண்வெட்டியைக் கொடுக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. தரிப்பிடத்தில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்துத்தான் நின்றோம். அது பள்ளிக்கூட நாட்களுக்கானது என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. இரண்டு பேரிடமும் கண்ணாடி இருந்தது. இரண்டு பேரும் போடவில்லை.

முதல் நாள் கொட்டிலில் இருந்த பேர்கன் சோடி காரில் வந்தார்கள். தரிப்பிடத்தில் நின்ற எங்களைக் கண்டு நிறுத்தி ஏற்றினார்கள். மின்சாரக் கார். பாதி வழியில் சார்ஜ் முடிந்து ஒரு கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆளுக்கொரு சொசேஜ் சாப்பிட்டுக்கொண்டு காருக்கும் சாப்பாடு போகட்டும் என்று காத்திருந்தோம். "உங்கள் அப்பா எப்போதாவது விழுந்தாரா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வேறு ஆட்கள் விழுந்தார்கள். அப்பா விழவில்லை" என்றேன்.

புஷ்பா அக்கா சொசேஜைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வொஸ் நிலையத்தில் ரயிலை ஓடிப் பிடித்தோம். அன்றைக்குத் தண்டவாளம் திறந்துவிட்டது. மலை ஏற ஏற மரங்கள் குறைந்தன. பிறகு கல்லும் தண்ணீரும்தான். அந்தப் பாதையில் ரயிலுக்கென்று மலையைக் குடைந்த குகைகள் அதிகம். வெளிச்சம் வருமுன் அடுத்தது வந்துவிடும்.

தொலைபேசி அடித்தது. கனடா இலக்கம். புஷ்பா அக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

"திரேசாவோ? நான் புஷ்பான்ர அத்தான் கதைக்கிறன். சுகமாய் இருக்கிறீங்களோ?"

"சுகம். சொல்லுங்கோ."

"மற்றும்படி ஒண்டுமில்லை. சம்பந்தம் எண்டால் நாலையும் கதைக்கத்தானே வேணும். ஊரில நீங்கள் எந்தப் பக்கம்?"

ஊரைச் சொன்னேன். பக்கத்து ஊரையல்ல, என் ஊரை. "கடற்கரைப் பக்கம். கோயிலுக்குப் பின் ஒழுங்கை."

"ஓ." கொஞ்சம் இழுத்தார். "அப்பா என்ன செய்தவர்?"

"அப்பா பனையில..."

இருட்டு. குகை. தொடர்பு அறுந்தது.

புஷ்பா அக்கா இருட்டுக்குள் சொன்னார்: "மாதாவே தந்த குகை, திரேசா. யோசியும்."

வெளிச்சம் வந்தது. மறுபடியும் அடித்தது.

"கட்டாகிப் போச்சு. பனை எண்டு என்னவோ சொன்னீங்கள். பனங்காணி வைச்சிருந்தவரோ?"

பாருங்கள், மனிதர் தானே வழி விடுகிறார். ஓம் என்று ஒரு சொல். புஷ்பா அக்கா கழுத்து நோகத் தலையாட்டினார், சொல்லு சொல்லு என்று.

"இல்லை. காணி வேற ஆக்களின்ர. அப்பா அதில ஏறி..."

மறுபடியும் குகை. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு மனிதனின் தொழிலைச் சொல்ல எத்தனை மலையைக் கடப்பது? மூன்றாம் தரம் அடித்தபோது எழுந்து நின்றேன். ஹலோ சொல்ல விடவில்லை.

"என்ர அப்பா கள்ளுச் சீவினவர். கேட்டுதோ?"

பெட்டி முழுவதும் என்னைப் பார்த்தது. ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கவேண்டிய ஆளுக்கு விளங்கியது.

"கேட்டுது" என்றார். பிறகு சத்தமில்லை. இப்போது குகையும் இல்லை. "நான் யோசிக்க வேணும்."

"யோசியுங்கோ."

"எங்கட பக்கத்து ஆக்கள் வரமாட்டினம், தெரியும்தானே?"

"வராட்டில் சாப்பாடு மிஞ்சும். இஞ்சை சாப்பிட ஆக்கள் இருக்கினம்."

"நீங்கள் வாய் கூடின ஆள் போல. புஷ்பாவிட்டைக் குடுங்கோ."

கொடுத்தேன். திரும்ப இருக்கையில் இருந்தேன். 

புஷ்பா அக்கா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்தார். "ஓம் அத்தான்" என்றார். கேட்டுக்கொண்டிருந்தார். "ஓம்... ஓம் அத்தான்..." இன்னும் கேட்டார். அங்கே குரல் உயர்வது எனக்கும் கேட்டது. "ஏமாத்தினவளவை" என்ற சொல் கேட்டது.

"இல்லை அத்தான்" என்றார் புஷ்பா அக்கா. "ஏமாத்தேல்லை. எனக்கு முதலே தெரியும். இருபது வருசமாத் தெரியும்."

அங்கே ஏதோ சொன்னார்கள்.

"அவவின்ர வீட்டில சாப்பிட்டுத்தான் ரொஷான் வளர்ந்தவன். நான் பின்னேர வேலைக்குப் போனால் அவதான் சோறு தீத்தினவ. உங்கட தம்பியும் சாப்பிட்டவர், ஓம், அவரும்தான். கேட்டுப் பாருங்கோ... பொய் சொல்லச் சொன்னது நான்தான். அவ மாட்டன் எண்டிட்டா... கலியாணம் நடக்கும் அத்தான். வாறது வராதது உங்கட விருப்பம்."

அடுத்த குகை வந்தது. வெளியே வந்த பிறகு அடிக்கவில்லை. அடித்தாலும் தெரிந்திராது. அவர் தொலைபேசியை நிறுத்திவிட்டிருந்தார்.

"இனித்தான் வீட்டில சண்டை" என்றார். மேலுதட்டில் வேர்வை. "இவர் என்னோட எத்தினை நாள் கதைக்க மாட்டாரோ."

நான் நன்றி சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னதற்கு என்ன நன்றி?

மலை உச்சியில் பின்சே நிலையத்துக்குக் கிட்ட வரும்போது கேட்டார்: "கோவமோ?"

"ஓம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியாது. நாளைக்கு வேலைக்கு வாங்கோ. முப்பது கிலோ கரட் இருக்கு உரிக்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒஸ்லோவில் இறங்கி அவர் ஒரு பக்கம் போகும் நிலக்கீழ் ரயிலிலும் நான் மறுபக்கம் போகும் ரயிலிலும் ஏறினோம்.

அவருடைய கணவர் ஒரு கிழமை வாய் திறக்கவில்லையாம். பிறகு ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தார். தேத்தண்ணி குடித்தார். எந்த மண்டபம் என்று கேட்டார். அனித்தா இப்போது என்னோடு கதைக்கிறாள். கனடாவிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. வேண்டியதும் இல்லை.

ஆனால் இங்கே இன்னும் சிலர் கெட்டித்தனமாக விசாரிக்கிறார்கள் என்று அறிகிறேன். அவர்களுக்குச் சிரமம் வேண்டாம், ஊருக்குத் தொலைபேசி எடுக்கவும் வேண்டாம். என் அப்பாவின் பெயர் சூசைப்பிள்ளை. பனை ஏறிக் கள்ளுச் சீவினவர். அவருடைய பேத்தியின் கலியாணம் தைக்குப் பிறகு. அழைப்பிதழில் அவர் பெயரும் இருக்கும். மனமிருந்தால் வாருங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இருங்கள்.